ஒன்பது பாட்டு, இரண்டு வகைக் காது

1982-ஆம் ஆண்டு முடிந்தபோது அமெரிக்காவின் 'பில்போர்டு' இதழ் வழக்கம்போல அந்த வருடத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. முதலிடத்தில் இருந்தது 'ஏசியா' என்ற ஆங்கிலேய ராக் குழு. ஆல்பத்தின் பெயரும் 'ஏசியா'தான். அதுதான் அவர்களுடைய முதல் ஆல்பம். புதிதாகத் தொடங்கிய ஒரு குழுவின் முதல் தட்டே வருடத்தின் முதல் தட்டாக ஆவது அபூர்வம். அந்தத் தட்டைக் கடுமையாக வெறுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர், அதில் வாசித்தவர்களைப் பத்து வருடமாகக் கொண்டாடி வந்த பழைய ரசிகர்கள்.

ஒன்பது பாடல்கள், சுமார் 44 நிமிடம். இவ்வளவுதான் சரக்கு. ஆனால் இந்த 44 நிமிடத்தைப் பற்றி நாற்பது வருடங்களுக்கு மேலாக விவாதம் நடக்கிறது. 'பெரிய கலைஞர்கள் காசுக்காகத் தரம் தாழ்ந்தார்கள்' என்று ஒரு தரப்பு. 'அந்தக் காலகட்டத்தின் மிகச் சிறந்த ராக் பாடல்கள் இவை' என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் கேட்டது ஒரே தட்டைத்தான். எனக்கு இந்த ஆல்பம் மிகவும் பிடிக்கும். ஆனாலும் அதைத் திட்டியவர்கள் காதில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள், மற்றவர்கள் ஏன் இப்படிக் கேட்டார்கள் என்று பார்ப்பதில்தான் இந்தத் தட்டின் முழு வரலாறும் இருக்கிறது.

பழைய பெருமை

ஜான் வெட்டன், ஸ்டீவ் ஹவ், கார்ல் பால்மர், ஜெஃப் டௌன்ஸ். இந்த நால்வரும்தான் ஏசியா.

வெட்டன் பேஸ் கிட்டார் வாசித்துப் பாடுபவர். 1972 முதல் 1974 வரை கிங் கிரிம்சன் குழுவில் இருந்தார். 1974-இல் வந்த 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ஸ்டார்லெஸ்' பன்னிரண்டு நிமிடம் ஓடும். அதில் தொடக்கத்துச் சோகத்தைக் குரலில் தாங்கி நிற்பவர் அவர்தான். பிறகு ராக்ஸி மியூசிக், யூரியா ஹீப் என்று சுற்றிவிட்டு 1978-இல் யு.கே. என்ற குழுவோடு வந்தார். ஸ்டீவ் ஹவ் 1970-இல் யெஸ் குழுவில் சேர்ந்த கிட்டார்க் கலைஞர். 1972-இல் வந்த 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் தலைப்புப் பாடல் கிட்டத்தட்ட 19 நிமிடம் நீண்டு, எல்.பி. தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கார்ல் பால்மர் எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவின் டிரம்ஸ் கலைஞர். ரசிகர்கள் ஈ.எல்.பி. என்று சுருக்கிச் சொல்லும் அந்தக் குழுவின் 'டார்கஸ்' இருபது நிமிடத்துப் படைப்பு.

இந்த வகை இசைக்குத்தான் ப்ராக்ரசிவ் ராக் என்று பெயர். சுருக்கமாக ப்ராக். மேற்கத்தியச் செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் எடுத்துக்கொண்ட கட்டமைப்புகள், அடிக்கடி மாறும் தாளங்கள், நீளமான வாத்தியப் பகுதிகள், எளிதில் பிடிபடாத பாடல் வரிகள். 1973-இல் யெஸ் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' இரண்டு எல்.பி. தட்டுகள் கொண்டது. அதில் மொத்தமே நான்கு பாடல்கள்தான். அதை வாங்கி, உட்கார்ந்து, கவனம் சிதறாமல் கேட்கப் பெரும் கூட்டம் இருந்தது.

நான்காமவர் ஜெஃப் டௌன்ஸ் வந்த வழி வேறு. அவரும் ட்ரெவர் ஹார்னும் சேர்ந்து நடத்திய பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்' 1979-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாப் பாடல். 1980-இல் இருவரும் யெஸ் குழுவுக்குள் போனார்கள். 'டிராமா' என்ற ஒரே ஆல்பத்தோடு அந்த யெஸ் கலைந்தது. டௌன்ஸும் ஹவ்வும் அங்கேதான் சேர்ந்து வாசித்தார்கள்.

1980-ஐ ஒட்டிய அந்தச் சில வருடங்களில் ப்ராக் உலகமே சரிந்துகொண்டிருந்தது. 1976, 77-இல் எழுந்த பங்க் அலை, நீளமான பாடல்களையும் வித்தைக் காட்சிகளையும் நேரடியாகத் தாக்கியது. ஈ.எல்.பி. 1978-இல் 'லவ் பீச்' ஆல்பத்தை வெளியிட்டுவிட்டு முடிந்துபோனது. யு.கே. கலைந்தது. யெஸ்ஸும் கலைந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த பெரும் கலைஞர்கள் பலர் குழு இல்லாமல் நின்றார்கள்.

சேர்க்கை

இவர்களைச் சேர்த்து வைத்ததில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. ஒருவர் பிரையன் லேன், யெஸ் குழுவின் மேலாளராக இருந்தவர். இன்னொருவர் ஜான் கலோட்னர். அட்லாண்டிக் நிறுவனத்தில் ஃபாரினர் போன்ற குழுக்களோடு வேலை பார்த்துவிட்டு, 1980-இல் தொடங்கப்பட்ட கெஃபென் ரெக்கார்ட்ஸுக்கு வந்தவர். அமெரிக்க எஃப்.எம். வானொலியில் எது ஓடும் என்பது அவருக்குத் தெரியும். வெட்டனின் குரலில் அவருக்கு நம்பிக்கை இருந்தது. முதலில் வெட்டனும் ஹவ்வும் சேர்ந்து எழுதத் தொடங்கினார்கள். பிறகு பால்மர் வந்தார், கடைசியாக டௌன்ஸ். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ட்ரெவர் ரேபினைச் சேர்க்கும் பேச்சும் நடந்து கைவிடப்பட்டது.

ஏற்கெனவே புகழ் பெற்றவர்கள் வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்து ஒன்றாகச் சேர்ந்தால் அதை 'சூப்பர் குரூப்' என்பார்கள். 1966-இல் க்ரீம், 1969-இல் பிளைண்ட் ஃபெய்த் என்று அதற்கு ஒரு வரலாறு உண்டு. பால்மருக்கு ஈ.எல்.பி.யே அப்படிப்பட்ட ஒன்று. வெட்டனுக்கு யு.கே. அப்படி. ஆக இருவரும் இந்தப் பாதையை ஏற்கெனவே பார்த்தவர்கள். சூப்பர் குரூப்பின் சிக்கல் அதன் முதல் தட்டு வெளிவருவதற்கு முன்பே தொடங்கிவிடும். உறுப்பினர்களின் பெயர்களைப் படித்த உடனேயே ரசிகன் மனதுக்குள் ஒரு ஆல்பத்தைக் கேட்டு முடித்துவிடுகிறான். 'ஸ்டார்லெஸ்' பாடியவர், 'க்ளோஸ் டு தி எட்ஜ்' வாசித்தவர், 'டார்கஸ்' தட்டியவர் மூவரும் ஒரே அறையில் என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கற்பனை ஆல்பத்தோடுதான் உண்மையான ஆல்பம் போட்டியிட வேண்டும். ஏசியாவுக்கு நேர்ந்ததும் அதுதான்.

அறைக்குள்

1981-இன் நடுப்பகுதியிலிருந்து லண்டனின் மார்கஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு நடந்தது. தயாரிப்பாளர் மைக் ஸ்டோன். குயீன் குழுவின் ஆல்பங்களில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர், ஜர்னி குழுவின் 1981-ஆம் ஆண்டு வெற்றியான 'எஸ்கேப்'பின் இணைத் தயாரிப்பாளர். பல அடுக்குக் குரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பெரும் கூட்டம் பாடுவதுபோல ஒலிக்கச் செய்யும் கலையைக் குயீனோடு வேலை பார்த்த ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டனின் குரல் இந்த ஆல்பத்தில் மலைபோல எழுந்து நிற்பதற்கு அந்த அடுக்குதான் காரணம்.

இங்கேதான் பெரிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. ஆறு நிமிடத்தைத் தொடும் பாடல் ஒன்றுகூட வேண்டாம். எல்லாமே பல்லவி, சரணம் உள்ள பாட்டாக இருக்க வேண்டும். வாத்திய வித்தை பாட்டுக்குள் ஒடுங்க வேண்டும். ராகம் தானம் பல்லவியை மணிக்கணக்கில் விரிக்கும் வித்வான், அதே ராகத்தில் ஐந்து நிமிடத் துக்கடா பாடுவதைப் போன்ற வேலை இது. விரிப்பதற்கு வேண்டிய திறமை வேறு, சுருக்குவதற்கு வேண்டிய திறமை வேறு. இரண்டாவது எளிது என்று நினைப்பது தவறு.

பாடல்களில் பாதிக்கு வெட்டனும் டௌன்ஸும் சேர்ந்து பெயர் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். மீதியில் ஹவ்வின் கை தெரியும். 'டைம் அகெய்ன்' ஒன்றில் மட்டும் நால்வரின் பெயரும் இருக்கிறது. கடைசியில் வந்து சேர்ந்தது 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்'. வெட்டனும் டௌன்ஸும் மிகக் குறுகிய நேரத்தில் எழுதி முடித்த பாட்டு. அது ஒரு மன்னிப்புப் பாட்டு என்று வெட்டனே பின்னாளில் சொன்னார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ப்ராக் பாடல்கள் தொன்மம், தத்துவம், தூர தேசம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு ஆண் தன் துணையிடம் தான் நடந்துகொண்ட விதத்துக்காக வருந்துகிறான். முப்பதைத் தாண்டிய ஒருவனின் உள்வாழ்க்கை அந்த இசைக்குள் நுழைகிறது. பழைய ரசிகர்களுக்கு அது 'சாதாரணக் காதல் பாட்டு' என்று கேட்டது. எனக்கு அது துணிச்சல் என்று படுகிறது.

அட்டை

தட்டின் அட்டையை வரைந்தவர் ரோஜர் டீன். 1971-இல் வந்த 'ஃப்ரஜைல்' தொடங்கி யெஸ் குழுவின் அட்டைகளில் மிதக்கும் தீவுகளையும் விநோத நிலங்களையும் வரைந்து புகழ் பெற்றவர். ஏசியாவுக்கு அவர் வரைந்தது கடலிலிருந்து எழும் ஒரு டிராகன். ஒளிரும் கோளம் ஒன்றை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. குழுவின் பெயரை முக்கோண எழுத்துகளில் அமைத்தவரும் அவரே.

அட்டை அழகானது. கேட்பவர்களின் கருத்து பிளந்துபோனதில் அதற்கும் பங்கு உண்டு. ரோஜர் டீன் ஓவியம் என்பது 1970-களின் ரசிகனுக்கு ஒரு வாக்குறுதி. உள்ளே இருபது நிமிட உலகம் ஒன்று காத்திருக்கிறது என்று அந்தக் கடலும் டிராகனும் சொல்கின்றன. ஊசியை வைத்தால் நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு வானொலிப் பாட்டு வருகிறது. பழைய ரசிகன் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததில் வியப்பில்லை. அதே அட்டையைக் கடையில் முதன்முதலாகப் பார்த்த பதினாறு வயதுப் பையனுக்கோ அது அழகான டிராகன் படம், அவ்வளவுதான். அவனுக்கு எந்த வாக்குறுதியும் தரப்படவில்லை. அதனால் எதுவும் மீறப்படவும் இல்லை.

கடைக்கும் வானொலிக்கும்

ஆல்பம் 1982 மார்ச் மாதம் கடைக்கு வந்தது. அமெரிக்க எஃப்.எம். நிலையங்களில் அப்போது ஆல்பப் பாடல்களை ஒலிபரப்பும் ராக் நிகழ்ச்சிகள் கொடிகட்டிப் பறந்தன. 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' அந்த ராக் பட்டியலில் முதலிடம் போனது. பொதுப் பாடல் பட்டியலில் 4-ஆம் இடம். அடுத்து வந்த 'ஓன்லி டைம் வில் டெல்' 17-ஆம் இடம்.

வானொலிக்கு இணையாக இன்னொரு கதவும் திறந்திருந்தது. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்.டி.வி. என்ற இசைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அன்று அது காட்டிய முதல் வீடியோவே பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்'. ஆக, புதிய ஊடகத்தின் முதல் நிமிடத்திலேயே டௌன்ஸின் முகம் அதில் இருந்தது. 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' வீடியோவை கெவின் காட்லியும் லால் க்ரீமும் இயக்கினார்கள். திரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, தாளத்துக்கு ஏற்பப் படங்கள் மாறும்படி செய்தார்கள். நாள் முழுக்க ஓட்டுவதற்கு வீடியோ தேடிக்கொண்டிருந்த அந்தத் தொலைக்காட்சி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது.

ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டாம் என்ற சிறு ஊரின் கல்லூரியில் ஏசியா முதல் கச்சேரி செய்தது. மே 15 அன்று ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இடையில் மூன்று வாரம் பால் மெக்கார்ட்னியின் 'டக் ஆஃப் வார்' அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு ஏசியா திரும்பி வந்து ஜூலை முடியும்வரை அங்கேயே இருந்தது. மொத்தம் ஒன்பது வாரம். அமெரிக்காவில் மட்டும் நாற்பது லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சான்று பெற்றது. அடுத்த வருட கிராமி விருதுகளில் 'சிறந்த புதிய கலைஞர்' பிரிவுக்கு ஏசியாவின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது மென் அட் வொர்க் குழுவுக்குப் போனது. பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக மேடையில் இருந்த பால்மரும் ஹவ்வும் 'புதிய கலைஞர்' ஆன விநோதத்தில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. அந்த வருடம் தட்டை வாங்கிய பலருக்கு இவர்கள் நிஜமாகவே புதியவர்கள்தான்.

சொந்த நாட்டில் கதை வேறு. பிரிட்டனில் ஆல்பம் 11-ஆம் இடத்தைத்தான் எட்டியது. 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' 46-ஆம் இடத்தோடு நின்றது. பங்க் வந்து போன அந்த நாட்டில், 1970-களின் பெயர்கள் எல்லாம் பழைய சுமை. விமர்சகர்கள் அதைக் கண்ட மாத்திரத்தில் ஒதுக்கினார்கள். கேட்பவர் முன்பு என்ன கேட்டார் என்பதைப் போலவே, எங்கே நின்று கேட்டார் என்பதும் தீர்ப்பை மாற்றியது.

குற்றச்சாட்டு

பழைய ரசிகர்களின் குறை என்ன என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது வெறும் பொறாமையோ பிடிவாதமோ இல்லை.

ப்ராக் இசையின் பெரிய இன்பம் காத்திருப்பு. 'ஸ்டார்லெஸ்' பாடலின் நடுவில் கிட்டார் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே போகும். அந்த இறுக்கம் உடையும்போது கிடைக்கும் விடுதலைக்காகவே அதைக் கேட்பார்கள். நான்கு நிமிடப் பாட்டில் அப்படிக் காத்திருக்க இடம் இல்லை. ஏசியாவில் எல்லாம் உடனே வந்துவிடுகிறது. பல்லவி ஒரு நிமிடத்துக்குள் வந்து, பிறகு மறுபடியும் மறுபடியும் வருகிறது. ஸ்டீவ் ஹவ் போன்ற ஒருவர் விரல் நீட்ட இடம் கிடைப்பதற்குள் அடுத்த சரணம் தொடங்கிவிடுகிறது. பாடல் வரிகள் நேரடியானவை, சில இடங்களில் எல்லோரும் சொல்லிவிட்ட சொற்கள். ஜர்னி, ஃபாரினர் பக்கத்தில் இந்தக் குழுவை வைத்து, 'இதற்கு இந்த நால்வர் எதற்கு?' என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. நிறுவனம் வெற்றிப் பாடல்களை எதிர்பார்த்ததும், அதற்கேற்ற தயாரிப்பாளர் வந்ததும் உண்மை.

'விற்றுவிட்டார்கள்' என்ற தீர்ப்பு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. முதல் காரணம், இந்தத் திருப்பம் ஏசியாவோடு தொடங்கவில்லை. கனடாவின் ரஷ் குழு 1980-இல் 'பெர்மனன்ட் வேவ்ஸ்', 1981-இல் 'மூவிங் பிக்சர்ஸ்' என்று சுருங்கிய வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஜெனிசிஸ் 1981-இல் 'அபகாப்' வெளியிட்டது. ஏசியாவில் சேராமல் போன அதே ட்ரெவர் ரேபின் யெஸ்ஸுக்குள் போய், 1983-இல் வந்த '90125' ஆல்பத்தின் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' பாடலோடு அந்தக் குழுவுக்கு அமெரிக்காவில் முதலிடம் வாங்கித் தந்தார். ஒரு தலைமுறைக் கலைஞர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள்: நாம் கற்றதை நான்கு நிமிடத்துக்குள் வைக்க முடியுமா? இவ்வளவு பேர் கேட்ட கேள்வியை வெறும் பணத்தாசை என்று ஒதுக்க முடியாது.

இரண்டாவது காரணம், தட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தட்டுக்குள் இருப்பது

'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' கேட்டவர்களுக்கு அதன் முதல் கிட்டார் வீச்சு தெரியும். அதன் பின்பகுதியில் ஸ்டீவ் ஹவ் கோட்டோ என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியத்தை வாசிக்கிறார். 1982-இன் வானொலியில் லட்சக்கணக்கானோர் தெரியாமலே கோட்டோ கேட்டிருக்கிறார்கள். 'ஓன்லி டைம் வில் டெல்' டௌன்ஸின் கீபோர்டு முழக்கத்தோடு தொடங்கும், அரசவையில் யாரோ வருகிறார் என்று அறிவிப்பதைப் போன்ற முழக்கம். அதன் கம்பீரம் முழுக்க ப்ராக் மரபிலிருந்து வந்தது. ஆனால் பாட்டு பிரிவைப் பற்றியது. அந்தக் கம்பீரமும் உள்ளுக்குள் நொறுங்கிய குரலும் மோதும் இடத்தில்தான் பாட்டின் அழகு.

முதல் பக்கத்தின் கடைசிப் பாடல் 'டைம் அகெய்ன்'. ஷஃபிள் தாளத்தில் பாயும் அந்தப் பாட்டில் வெட்டனின் பேஸ் கிட்டார் முன்னால் ஓடுகிறது, பால்மர் விரட்டுகிறார். பழைய ரசிகர்கள்கூட இதை மட்டும் ஒத்துக்கொள்வது வழக்கம். தட்டைத் திருப்பிப் போட்டால் வருவது 'வைல்டஸ்ட் ட்ரீம்ஸ்', போருக்கு எதிரான பாட்டு. நடுவில் பால்மரின் டிரம்ஸ் ஒரு அணிவகுப்பு குலைவதைப்போல வெடிக்கிறது. ஈ.எல்.பி. கச்சேரியில் பத்து நிமிடம் தனியாக வாசிக்கக் கூடியவர், இங்கே சில நொடிகளில் அதைச் செய்துவிட்டு வழிவிடுகிறார்.

எனக்கு மிகவும் நெருக்கமானது எட்டாவது பாடல், 'கட்டிங் இட் ஃபைன்'. பாதிக்கு மேல் குரல் விலகிவிடுகிறது. டௌன்ஸின் பியானோவும் கீபோர்டுகளும் மெதுவான, அகலமான ஒரு இசையை எழுப்பிக்கொண்டே போகின்றன. பாட்டுக்கு அது தேவையே இல்லை. வானொலிக்காகவே செய்திருந்தால் முதலில் வெட்டப்பட்டிருக்கும் பகுதி அதுதான். அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். பழைய இசை இந்த ஆல்பத்தை விட்டுப் போகவில்லை, பாட்டின் ஓரங்களில் குடியிருக்கிறது என்பதற்கு அந்தப் பகுதியே சாட்சி. வெறும் வெற்றிப் பாடல்களை மட்டும் வானொலியில் கேட்டவர்களுக்கும், முதல் பாட்டோடு கோபித்துக்கொண்டு ஊசியைத் தூக்கியவர்களுக்கும் இது எட்டியிருக்காது.

சரிவும் ஏளனமும்

பயணத்தின் அடுத்த கட்டத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1983-இல் இரண்டாவது ஆல்பம் 'ஆல்ஃபா' வந்தது. அமெரிக்காவில் 6-ஆம் இடம். எந்தக் குழுவுக்கும் அது நல்ல இடம், ஏசியாவுக்கு அது சரிவாகப் பார்க்கப்பட்டது. சில மாதங்களில் வெட்டன் வெளியேறினார். அந்த டிசம்பரில் டோக்கியோவின் புடோகன் அரங்கிலிருந்து அமெரிக்காவுக்கு எம்.டி.வி. மூலம் செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பான கச்சேரியில், பால்மரின் பழைய தோழர் கிரெக் லேக் வெட்டனின் பாட்டுகளைப் பாடினார். பிறகு வெட்டன் திரும்பினார், ஹவ் போனார். 1985-இல் 'ஆஸ்ட்ரா'. அதன் பின் கலைவு. 1990-களின் பெரும்பகுதியில் டௌன்ஸ் மட்டும் பழையவராக நின்று, ஜான் பெய்ன் என்ற பாடகரோடு குழுவின் பெயரைக் காப்பாற்றினார்.

தட்டு குறுந்தகடாக மாறியது. குழு போனாலும் 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' வானொலியை விட்டுப் போகவில்லை. ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. அந்தப் பாட்டு இப்போது 1982-இன் அடையாளச் சின்னம், சிரிப்புக்கு ஏற்ற பொருள். 2001-இல் 'சவுத் பார்க்' கார்ட்டூனில் கார்ட்மன் என்ற சிறுவன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்தப் பாட்டைப் பாட, அவையே சேர்ந்து பாடுகிறது. 2005-இல் வந்த 'தி 40 இயர் ஓல்ட் வெர்ஜின்' படத்தின் நாயகன் வீட்டில் ஏசியா போஸ்டர் சட்டம் போட்டுத் தொங்குகிறது, அவன் காலத்தோடு நகராதவன் என்பதற்கு அடையாளமாக. 2008-இல் 'சூப்பர்நேச்சுரல்' தொடரின் ஒரு அத்தியாயத்தில் ஒரே நாள் திரும்பத் திரும்ப விடிகிறது. ஒவ்வொரு விடியலிலும் கடிகார வானொலியில் இதே பாட்டு.

இவை எல்லாம் கேலிதான். ஆனாலும் இந்தக் கேலிகள் ஆல்பத்துக்கு ஒரு நன்மை செய்தன. அவற்றைப் பார்த்துச் சிரித்த இளைஞர்களுக்கு யெஸ்ஸும் ஈ.எல்.பி.யும் யார் என்றே தெரியாது. நால்வரின் கடந்த காலம் அவர்கள் காதில் இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் பல்லவியை மனப்பாடமாகப் பாடினார்கள். 1982-இல் ஒரு வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த சுதந்திரமான காது, இருபது வருடம் கழித்துப் புதிதாக வந்த எல்லோருக்கும் கிடைத்தது. விவாதத்தின் தன்மையும் மாறியது. 'இது ப்ராக்கா?' என்ற கேள்வி தளர்ந்து, 'இது நல்ல பாட்டா?' என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

திரும்பி வந்தவர்கள்

2006-இல் வெட்டன், ஹவ், பால்மர், டௌன்ஸ் நால்வரும் மறுபடி சேர்ந்தார்கள். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு அவர்கள் அமைத்த நிகழ்ச்சி நிரலைத்தான் இந்த முழுக் கதைக்கும் பதிலாக நான் பார்க்கிறேன். முதல் ஆல்பத்தின் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு நடுவே, நால்வரின் பின்புலத்துக்கும் ஒவ்வொரு பாட்டு வைத்தார்கள். ஹவ்வுக்காக யெஸ்ஸின் 'ரவுண்டபவுட்', பால்மருக்காக ஈ.எல்.பி. புகழ்பெறச் செய்த 'ஃபேன்ஃபேர் ஃபார் தி காமன் மேன்', வெட்டனுக்காக கிங் கிரிம்சனின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்', டௌன்ஸுக்காக 'வீடியோ கில்ட் தி ரேடியோ ஸ்டார்'. டோக்கியோவில் பதிவான 'ஃபேன்டேசியா' ஆல்பத்தில் இதைக் கேட்கலாம்.

இருபத்தைந்து வருடமாக ரசிகர்கள் எதிரெதிராக நிறுத்தியிருந்த இரண்டும் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. 'வைல்டஸ்ட் ட்ரீம்ஸ்' ஒலித்த அதே மேடையில் 'ரவுண்டபவுட்'. கேட்கும்போது ஒன்று மேல், மற்றது கீழ் என்று தோன்றவில்லை. அதே கைகள் வாசிக்கின்றன, அதே வேகம், அதே பிடி. அளவு மட்டும் வேறு. 1982-இல் அவர்கள் தங்கள் பழைய இசையை விட்டுக்கொடுத்திருந்தால் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்திருக்க முடியாது.

2008-இல் 'ஃபீனிக்ஸ்' வந்தது. அதற்கு முந்தைய வருடம் வெட்டனுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. மேலும் சில ஆல்பங்கள் வந்தன. 2013-இல் ஹவ் மறுபடி விலகினார். 2017 ஜனவரி 31 அன்று வெட்டன் புற்றுநோயால் இறந்தார். வயது 67. அவரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகளில் கிங் கிரிம்சனும் ஏசியாவும் ஒன்றாகவே நின்றன. 'ஸ்டார்லெஸ்' பாடியவர், 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' பாடியவர் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார்கள். 1982-இல் எந்தப் பழைய ரசிகனும் அப்படி ஒரே மூச்சில் சொல்லியிருக்க மாட்டான்.

இனி கேட்பவர்களுக்கு

ஒரு ஆல்பத்தைப் பற்றிய கருத்து அது வெளிவந்த வாரத்திலேயே உறைந்துவிடுவதில்லை என்பதற்கு ஏசியா தெளிவான எடுத்துக்காட்டு. முதலில் அதை நால்வரின் பெயர்கள் தீர்மானித்தன. பிறகு வானொலியும் தொலைக்காட்சியும் தீர்மானித்தன. அடுத்து கேலி தீர்மானித்தது. இப்போது அந்த மூன்றும் ஓய்ந்துவிட்டன. தட்டில் பதிந்திருப்பது மட்டும் மாறவில்லை. நல்ல மெட்டுகள், உண்மையான வருத்தம் உள்ள ஒரு குரல், தங்களால் செய்யக்கூடியதில் பாதியை வேண்டுமென்றே அடக்கிக்கொண்ட கைகள்.

குறையே இல்லாத ஆல்பம் என்று நான் சொல்லவில்லை. 'வித்தவுட் யூ' இழுக்கிறது. 'ஒன் ஸ்டெப் க்ளோசர்' கேட்டு முடித்ததும் மறந்துவிடும். 1981-இன் ஒலிப்பதிவுப் பளபளப்பு சில இடங்களில் வாத்தியங்களின் இயல்பான முரட்டுத்தனத்தைத் தேய்த்துவிட்டது. ஆனால் ஒன்பதில் ஆறு பாடல்கள் இன்றும் உயிரோடு நிற்கின்றன. முதல் முயற்சியில் இதைவிட அதிகம் சாதித்த சூப்பர் குரூப்புகள் மிகச் சில.

இதுவரை கேட்காதவர்களுக்கு ஒரு யோசனை. எல்லோருக்கும் தெரிந்த முதல் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். 'டைம் அகெய்ன்' கேளுங்கள், அங்கிருந்து இரண்டாம் பக்கத்துக்குப் போய் 'கட்டிங் இட் ஃபைன்' பாடலை அதன் கடைசிச் சுரம்வரை கேளுங்கள். அதற்குப் பிறகு 'ஹீட் ஆஃப் தி மொமென்ட்' பாடலுக்கு வந்தால், பாடல் சுருக்கமாக இருப்பது திறமை இல்லாததால் அல்ல என்பது புரிந்துவிடும். பழைய யெஸ், கிங் கிரிம்சன் ரசிகர்களிடமும் இதையே கேட்டுக்கொள்வேன்: 1982-இல் நீங்கள் எதிர்பார்த்த அந்த ஆல்பம் வரவே இல்லை, இனி வரப்போவதும் இல்லை. வந்த ஆல்பத்தை இன்னொரு முறை முழுதாகக் கேளுங்கள்.